மாலை போட வீட்டில் ஒருவர்

மார்ச் 3, செவ்வாய்

காற்று செத்துப்போய்க் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீர் இன்னும் உவர்த்துவிட்டது. தேத்தண்ணியை வாயில் வைக்க முடியவில்லை.

மகளிர் சங்கத்து ஜெனி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் தினம், மண்டபத்தில் விழா. "சமூகநீதிக்காகத் தம்மை அர்ப்பணித்த பெண்கள்" என்று என்னையும் இன்னும் இரண்டு பேரையும் கௌரவிக்கப் போகிறார்களாம்.

"நோன்பிருக்கிற தபசு காலத்தில பொன்னாடையோ?" என்றேன்.

"ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா. மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

ஓம் என்றுவிட்டேன். அர்ப்பணிப்பு என்றால் ஏதோ மெழுகுதிரி உருகின மாதிரி. நான் உருகவில்லை. பெண்களோடு பஸ்ஸில் போனேன், பொலிஸிலும் கோட்டிலும் அரசாங்கக் கச்சேரியிலும் மர வாங்கில் இருந்தேன், பெரியவர்கள் கத்தினால் திருப்பிக் கத்தினேன். அவ்வளவுதான்.

போகிற நேரம் ஜெனி வாசல் படலையில் நின்று சொன்னாள்: "பொன்னாடை விருந்தினர் போர்ப்பார். மாலை மட்டும் வீட்டு ஆக்கள்தான் போடுறது. உங்களுக்கு ஆர் எண்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ."

போன வருடம் கௌரவித்த ரீச்சருக்குக் கணவன், பிள்ளைகள், மருமகன் எல்லாரும் மேடையேறினார்கள். மாலை போட இடம் இல்லாமல் தள்ளுப்பட்டார்கள். என் வீட்டு ஆக்கள் நானும் பூனையும். பூனையும் பக்கத்து வீட்டுப் பூனை.

மார்ச் 4, புதன்

கோட். நான் கூட்டிப்போன இளம் பெண்ணின் வழக்கு தவணை போட்டாயிற்று. வாசலில் பணிஸ் தின்றோம். அவள் அழவில்லை. பணிஸில் இருந்த சீனியை மட்டும் நக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருசனின் ஆட்கள் என்னைக் காட்டி, "உவதான் குடும்பம் பிரிக்கிறவ" என்று காது கேட்கவே சொன்னார்கள். பழகிவிட்டது என்று எழுதலாம். பழகவில்லை.

வாங்க: திரி, சவர்க்காரம், சேலைக்கு ஊசி. சட்டை கையில் இறுக்கம், பிரிக்கவேண்டும்.

எனக்கு இரத்த உறவு என்று இருப்பது பேசாலையில் பிலோமினா அக்கா ஒருத்தி. அவள் மகன் அன்ரன் குடித்துவிட்டுத் தன் மனைவி சுதாவை அடித்தான். ஒரு நாள் கை முறிந்தது. அவளைக் கோட்டுக்குக் கூட்டிப்போனது நான். அப்போது கைக்குழந்தையாய் இருந்த மகளோடு சுதா ஆறு வருடமாய்த் தாய்வீட்டில், வெள்ளாங்குளத்தில். அக்கா அன்றைக்கு மூடின வாய். ஊரில் எத்தனையோ பெண்களுக்கு நின்றேன், ஒருவரும் எனக்குக் கதவு அடைக்கவில்லை. சொந்த அக்கா அடைத்தாள்.

மார்ச் 5, வியாழன்

வெட்கத்தை விட்டுப் பேசாலைக்குப் போனேன். பஸ்ஸில் சனம்.

அக்கா முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாள். என்னைக் கண்டதும் முதுகைத் திருப்பினாள். முதுகுக்குத்தான் சொன்னேன்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை எனக்கு மாலை போடுகினம். வீட்டால ஒருத்தர் வரவேணுமாம். நீங்கள் வாறீங்களோ?"

ஒவ்வொரு மீனாய்ப் பிரட்டினாள். கடைசியில்தான் வாய் திறந்தாள்.

"வெயில் போகமுன்னம் பிரட்டவேணும். நீ வெயிலுக்க நிக்காத, போ."

திரும்பி வந்தேன். வீட்டில் பாண் இருந்தது. சாப்பிடவில்லை. தனியாய் இருப்பது எனக்குப் பெரிய காரியம் இல்லை. தனியாய் இருப்பதை மேடையில் ஏற்றி ஊருக்குக் காட்டப்போகிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

சிலுவைப்பாதை. முழங்கால் வலி.

மத்தியானம் சுதா போன் எடுத்தாள். ஜெனி சொல்லிக் கேள்விப்பட்டாளாம்.

"சின்ன மாமி, மாலையை நான் வந்து போடட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. பேசாலைச் சனமும் வரும். உன்னைப் பற்றித்தான் கதைக்குங்கள்."

"கதைக்கட்டுமன்."

"வேண்டாம் எண்டுறன்."

"சரி சின்ன மாமி."

சனத்துக்குப் பயந்து சொல்லவில்லை. சுதா மேடையில் ஏறினால் அக்கா இந்தச் சீவியத்தில் என் பக்கம் திரும்பமாட்டாள். அந்தக் கதவில் இன்னும் ஒரு நீக்கல் இருக்கிறது என்று நம்புகிறேன்போல. அறுபது வயதில் இந்த விசர் நம்பிக்கை.

ஜெனிக்குப் போனில் சொன்னேன்: ஒருவரும் இல்லை, நீயே போடு.

மார்ச் 7, சனி

இதை எழுதத்தான் வேண்டும். சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்த நாள்.

காலமை முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். படலையில் ஒப்பாரி. பேசாலையில் இருந்து இரண்டு பெண்கள், வெள்ளைச் சேலை, கையில் மெழுகுதிரிப் பெட்டி. "ஐயோ ரீட்டா, சொல்லாமல் போயிட்டியே!"

கத்தியோடு எழும்பினேன். ஒருத்தி நெற்றியில் சிலுவைக் குரிசு போட்டாள். மற்றவள் மதிலில் சாய்ந்துவிட்டாள்.

நடந்தது இது. பேசாலைக் கோயில் விடியற்காலைப் பூசையில், ஆர் ஆருக்காகப் பூசை என்று கருத்து வாசிக்கும் கிழவர், ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று என் பெயரை வாசித்துவிட்டார். கோயில் முழுக்க முழங்காலில் நின்று எனக்காக மன்றாடியிருக்கிறது. உயிரோடு இருக்கும்போது இத்தனை பேர் எனக்காக முழங்காலில் நின்றதில்லை.

"ஆர் பூசை ஒப்புக்குடுத்தது?"

"உன்ர கொக்காதான், பிலோமினா."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"நன்றிப் பூசைக்குத்தான் குடுத்தவவாம். தங்கச்சிக்கு எண்டு பேரைச் சொல்லிப்போட்டுத் தேம்பித் தேம்பி அழுதவ. அவர் என்ன செய்வார், செத்தாக்களோட சேர்த்திட்டார்."

தேத்தண்ணி குடுத்து அனுப்பினேன். உவர் என்று சொல்லாமல் குடித்தார்கள். மெழுகுதிரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அழுதிருக்கிறாள். என் பெயரைச் சொல்லி.

மார்ச் 8, ஞாயிறு

மண்டபம் நிரம்பல். மின்விசிறி ஒன்றுதான் வேலை. முதல் இரண்டு பேருக்கும் வீட்டார் ஏறினார்கள், படம் எடுத்தார்கள். என் முறை. பொன்னாடை போர்த்தாயிற்று. ஜெனி தட்டில் இருந்த மாலையை எடுக்கப் போனாள்.

கீழே ஒரு சலசலப்பு. அக்கா. வீட்டுச் சேலை, செருப்பைக் கையில் பிடித்தபடி. ஒருவரையும் பார்க்காமல் மேடையேறி, ஜெனியின் கையில் இருந்து மாலையைப் பறித்து என் கழுத்தில் போட்டாள். கருவாட்டு மணம். காதுக்குள் சொன்னாள்:

"நேற்று முழுக்கச் சனம் துக்கம் விசாரிக்க வந்தது. நீ உயிரோட இருக்கிறியெண்டு காட்டத்தான் வந்தனான். வேறையொண்டுமில்லை."

சனம் கைதட்டியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பஸ் நிலையம் வரைக்கும் கூடப் போனேன். படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அன்ரன்ர பிள்ளை... வளந்திட்டாளோ?"

"போய்ப் பாருங்கோவன்."

"எந்த முகத்தோட?" என்றாள். பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

மாலையைக் கழற்ற மனமில்லாமல் வீடுவரை நடந்தேன். வெட்கமாயில்லை.

மார்ச் 9, திங்கள்

மாலையில் பாதி வாடிவிட்டது. திரி வாங்க மறந்தேன்.

சுதாவுக்குப் போன் எடுத்தேன். அக்கா வந்ததைச் சொல்லத்தான், சந்தோசத்தில்.

"தெரியும் சின்ன மாமி. கண்டனான்."

"எங்க கண்டனி?"

"மண்டபத்திலதான். வேண்டாமெண்டனீங்கள், எண்டாலும் மனம் கேக்கேல்ல. கடைசிக் கதிரையில இருந்தனாங்கள். உங்கட பேரைக் கூப்பிட்டவுடன எழும்பினனான். மாமி வாசலால வாறதைக் கண்டிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கத்தால வெளியில வந்திட்டன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மாலை பிள்ளைதான் கையில வைச்சிருந்தவள். விடியவெள்ளன இருந்து தானே கட்டினது, கோணலும் மாணலுமா. இப்பவும் தண்ணிச் செம்புக்க போட்டு வைச்சிருக்கிறாள். வாடினாலும் ஒருத்தரையும் தொடவிடுறாளில்லை."

வீட்டு ஆக்கள் ஒருவரும் இல்லை என்று ஜெனிக்கு என் வாயாலேயே சொன்னேன்.

நாளை கோட் இல்லை. வெள்ளாங்குளத்துக்குப் போகப்போகிறேன். போகிற வழியில் பேசாலை இல்லை, எதிர்த் திசை. என்றாலும் முதலில் பேசாலைக்குப் போய், படலையில் நின்று ஒருமுறை கேட்கவேண்டும்: "அக்கா, பிள்ளையைப் பாக்கப் போறன், நீங்களும் வாறீங்களோ?"