உன் பிரதியும் வந்துவிட்டது

காலையில் தபால் பெட்டியைத் திறந்தேன். இங்கிலாந்தில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் இந்த வருடமும் இரண்டு பிரதி வந்திருக்கிறது. இங்கே மெல்பேணில், ரோவிலில், விடிய விடிய மழை. பெட்டிக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிளாஸ்டிக் உறை இருந்ததால் புத்தகங்கள் தப்பிவிட்டன. உறையைக் கிழித்ததும் அதே வாசனை, வழுவழுப்பான தாளும் மையும் சேர்ந்த, மண்ணெண்ணெய்க்குக் கிட்டவான வாசனை. அட்டையில் அதே மணிக்கூட்டுக் கோபுரம். ஒன்றில் என் முகவரிக்கு மேல் என் அப்பாவின் பெயர். மற்றதிலும் என் முகவரிதான். மேலே உன் அப்பாவின் பெயர்.

நீ போன கோடையில் போய்விட்டாய். பள்ளிக்கூடத்துக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவன் நான், இன்னும் சொல்லவில்லை. இரண்டு வரி மின்னஞ்சல் போதும் என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர்கள் இரண்டு வரியோடு விடமாட்டார்கள். பழைய மாணவன் ஒருவன் இறந்தால் அவன் என்னவாக இருந்தான் என்று கேட்பார்கள், கடைசிப் பக்கத்தில் போடுவார்கள். அதை எழுதக்கூடியவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான். காலையிலிருந்து குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். என் மனைவி இரண்டு தரம் பார்த்துவிட்டு, ஒன்றில் இருங்கோ, இல்லாட்டி வெளியில் போய் நடவுங்கோ என்று சொல்லிவிட்டாள்.

மெல்பேணில் நீ எத்தனை வீடு மாறினாலும் பள்ளிக்கூடத்துக்கு உன் முகவரியைக் கொடுக்கவே இல்லை. என் முகவரியைக் கொடுத்தாய். வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்லேன் என்றேன். அதற்கும் மனமில்லை. "உன்னட்டை வந்து வாசிப்பன், என்ர வீட்டுக்குள்ளை விடமாட்டன்" என்றாய். சொன்னபடியே வந்தாய். புத்தகம் வந்தது என்று சொன்னால் அந்தச் சனிக்கிழமையே கிளேட்டனிலிருந்து வந்து, குசினிக் கதிரையில் இருந்து, பழைய மாணவர் பக்கங்களைத் திறப்பாய். ஒருவன் பிரிகேடியராக ஓய்வுபெற்றிருப்பான். ஒருவன் ஹொங்கொங்கில் வங்கித் தலைவன். இன்னொருவனுக்கு போர்த்துக்கலில் திராட்சைத் தோட்டம். எங்கள் கட்டிலுக்குள் தவளை விட்டவன் பிஷப்பாகிவிட்டான். எல்லாரும் நலம், எல்லாரும் மகிழ்ச்சி, எல்லாருக்கும் பேரப்பிள்ளைகள். விடுதியில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஹவுஸ்மாஸ்டரின் மூக்குக் குரலில், ஒரு சொல் விடாமல் வாசிப்பாய். என் மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள்.

ஒருமுறை நானும் என்னைப் பற்றி எழுதி அனுப்பினேன். குடிநீர் வழங்கலில் பொறியியலாளன், இரண்டு பிள்ளைகள், ரோவிலில் தோட்டத்துடன் வீடு. நீ அதையும் அதே குரலில் வாசித்தாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து போய், கழுவியிருந்த கோப்பைகளையே திரும்பக் கழுவினேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய்.

"கோவிக்காதை மச்சான். இதுகள் எல்லாம் ஃபோனை வைச்சிட்டு ஹவுஸ்மாஸ்டருக்குச் சொல்லுற கதையள்."

அதன் பொருள் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

எங்கள் அப்பாமார் சாம்பியாவில் ஒரே செம்புச் சுரங்கத்தில் கணக்காளர்கள். பிள்ளைகளை இங்கிலாந்தில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் விட்டால் கம்பனி பணம் கட்டும் என்றதும் இரண்டு பேரும் ஒன்றாக முடிவெடுத்தார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. முதல் நாள் காலை, குளிரில் கால்விரல் இருப்பதே தெரியாமல் வகுப்பில் நின்றோம். அங்கே குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பத்திரத்தில் எங்கள் பெயருக்குப் பின்னால் இருந்தது அப்பாவின் பெயர். ஆசிரியர் உன் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். நீ பதில் சொல்லவில்லை. சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாய். அப்பா வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டாய். திரும்பி முன்னால் பார்த்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அடுத்தது என் அப்பாவின் பெயர். நான் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, உடனே இருக்கிறேன் என்றேன்.

உன் பிறந்தநாளுக்கு உன் அம்மா தொலைபேசியில் எடுத்தார். ஹவுஸ்மாஸ்டரின் அறையில்தான் தொலைபேசி. அவர் பைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். என்னையும் கூட வரவிட்டார். நீ சிரித்த முகத்தோடு, குரல் நடுங்காமல், "அம்மா, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ, இஞ்சை சாப்பிடேலாது, இஞ்சை ஒருத்தரும் என்னை என்ர பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை" என்றாய். தொலைபேசியை வைத்ததும் அவர் அன்பாகத்தான் கேட்டார், அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று. நலமாக இருக்கிறேன், எனக்கு இங்கே சாப்பாடு மிகவும் பிடித்திருக்கிறது என்று சொன்னேன் என்றாய், அழகான ஆங்கிலத்தில். அவர் உன் தலையைத் தடவிவிட்டார். நீ செய்த முதல் மொழிபெயர்ப்பு அது.

நீ நீதிபதியாவாய் என்றுதான் பள்ளிக்கூடமே சொன்னது. விவாதப் பரிசு எல்லாம் உனக்கு. லண்டனில் சட்டம் படித்து பாரிஸ்டரும் ஆனாய். பிறகு இங்கே வந்தாய். இந்த நாட்டுப் பரீட்சைகளை எழுதும்வரைக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போனாய், போனவன் போனவன்தான். அதற்காக நான் உன்னோடு பிடித்த சண்டை கொஞ்சமா? எத்தனை பேருடைய கலியாணத்தில், எத்தனை பேருடைய சாமத்தியவீட்டில், ஒரு மூலைக்குள் உன்னை மடக்கிப் பிடித்து, அந்தப் பரீட்சையை எழுதித் தொலையேன் என்று நச்சரித்திருப்பேன். நீ பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்திவிடுவாய்.

ஒருநாள் நாங்கள் சேர்ந்து ஒரு விருந்துக்குப் போக வேண்டியிருந்தது. உன்னை ஏற்ற நீதிமன்றத்துக்கு வந்தேன். உன் வேலை முடியவில்லை. உள்ளே போய்ப் பின்வரிசையில் இருந்தேன். கூண்டில் நின்றவர் வடக்கிலிருந்து படகில் வந்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும். நிறுத்தியிருந்த காரில் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். ஏன் நிற்கவில்லை என்று நீதவான் கேட்டார். அந்த மனிதர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்: "பொலிஸ் வந்தா திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு பயந்திட்டன் ஐயா. எனக்கு இஞ்சை ஆக்கள் இல்லை."

உன் வேலையின் விதி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், நிமிர்ந்து நின்று, நான் பயந்துவிட்டேன், எனக்கு இங்கே யாரும் இல்லை என்றாய். நீதவான் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். பிறகுதான் அந்த மனிதரைப் பார்த்தார். எனக்குப் பைப் புகை மணத்தது. சத்தியமாக மணத்தது.

காரில் வரும்போது கேட்டேன், அது அவர் சொன்னதா, நீ சொன்னதா என்று. "அவர் சொன்னது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பரீட்சைக் கதையை நான் எடுக்கவில்லை.

இன்று மத்தியானம் உன் பிரதியை எடுத்துக்கொண்டு கிளேட்டனுக்குப் போனேன். வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை, குப்பையில் போடவும் முடியவில்லை. உன் மனைவி அட்டையைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டாள். அவளுடைய அண்ணர், சிட்னியில் ஹரிஸ் பார்க்கில் இருக்கிறவர், மலரில் உன்னைப் பாரிஸ்டர் என்று போடச் சொல்கிறாராம். படித்துப் பட்டம் எடுத்ததுதானே, பொய்யில்லையே என்கிறாராம். நீ என்ன நினைக்கிறாய் என்று அவளைக் கேட்டேன்.

"வேலையை நீங்கள் என்னவும் எழுதுங்கோ அண்ணை. ஆனா மாமான்ர பேரிலை எழுதாதேங்கோ. மாமா செத்து எத்தினை வருசம். அவரை இன்னொருக்காச் சாகவைக்கிறதே?"

உன் பெயரில் எழுதினால் அங்கே ஒருவருக்கும் ஆள் தெரியாது என்றேன். பிரிகேடியருக்கும் தெரியாது, பிஷப்புக்கும் தெரியாது. அவர்களுக்கு நீ என்றைக்கும் உன் அப்பாதான். அவள் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்தாள். "அவற்ர பேர் எனக்கும் வாயிலை வாறேல்லை" என்றாள் பிறகு. "இஞ்சாருங்கோ எண்டே காலம் போட்டுது."

அந்தச் சொல் என்னை வழிமுழுக்கக் குடைந்தது. நானாவது கூப்பிட்டேனா? மச்சான் என்பேன், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் உன் அப்பாவின் பெயரைச் சொல்வேன். நீயும் என்னை அப்படித்தான். உன் மகளுக்கு நீ அப்பா. நீதிமன்றத்தில் உனக்குப் பெயரே இல்லை, வெறும் மொழிபெயர்ப்பாளர். எனக்குத் தெரிய, வளர்ந்த பிறகு உன் பெயரைச் சத்தமாகச் சொன்னது ஐயர்தான், கலியாணத்தில் ஒருமுறை, செத்தவீட்டில் ஒருமுறை.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கணினியைத் திறந்தேன். முதலில் அவர்களுடைய நடையில் எழுதினேன். சட்டம் பயின்றார், பாரிஸ்டர், மெல்பேணில் மனநிறைவோடு வாழ்ந்தார். நன்றாகத்தான் வந்தது. வாசித்துப் பார்த்தால் என் தோளுக்குப் பக்கத்தில் ஹவுஸ்மாஸ்டர் நிற்கிறார். அழித்தேன். எழுந்து நடந்தேன். மழை விட்டிருந்தது, வேலியோரம் வரைக்கும் போய் வந்தேன். மறுபடியும் உட்கார்ந்து, கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன்.

மேலே உன் பெயரைப் போட்டேன். கீழே ஆங்கிலத்தில் எழுதியது தமிழில் இப்படி இருக்கும்: பள்ளிக்கூடத்தில் நாங்கள் இவரை இவருடைய அப்பாவின் பெயரால் அழைத்தோம். அந்தப் பெயரை முதல் நாள் கூப்பிட்டபோது இவர் வாசலைத் திரும்பிப் பார்த்தது சிலருக்கு நினைவிருக்கும். சட்டம் படித்தார், வழக்காடவில்லை. ஆங்கிலம் தெரியாத தமிழர்களுக்காக நீதிமன்றங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பேசினார். பயந்தவர்கள் பயந்ததாகவும், தனித்தவர்கள் தனித்ததாகவும் சொல்ல முடிந்தது இவரால்தான். பள்ளிக்கூடத்துச் சாப்பாடு இவருக்குப் பிடிக்கவில்லை.

கடைசி வரியை எடுக்கட்டுமா என்று விரல் போனது. விட்டுவிட்டேன். இத்தனை வருடம் கழித்தாவது ஒருவர் அதை ஒழுங்காக மொழிபெயர்க்க வேண்டாமா?

இதை அனுப்பினால் அடுத்த வருடம் பெட்டிக்குள் ஒன்றுதான் வரும். சனிக்கிழமை வந்தால் அதை நான்தான் வாசிக்க வேண்டும், அந்த மூக்குக் குரல் எனக்கு வராது. காலையிலிருந்து நடந்ததெல்லாம் இதற்குத்தான் என்று இப்போது விளங்குகிறது. சொல்லாத வரைக்கும் அங்கே ஒரு பட்டியலில் நீ நலமாக இருந்தாய்.

அனுப்பமுன் ஒருதரம் சத்தமாக வாசித்துப் பார், பிழை காதுக்குத்தான் தெரியும் என்பாய். எழுந்து நின்று, குசினியில், உன் பெயரிலிருந்து தொடங்கினேன். உன் பெயரை என் வாய் சொன்னது அதுதான் முதல் தரம். சொன்னவுடன், மச்சான், நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.