அண்ணனின் துணையாளர் அட்டை

அன்புள்ள அம்மா,

பெர்த்தில் உன் புது வீட்டு முகவரி இதுதான் என்று நம்பி எழுதுகிறேன். ஃபெர்கஸ் அண்ணனுக்குத் துணையாளர் அட்டை தர மறுத்துவிட்டார்கள். தவறு என்னுடையது. அவனைப் பற்றி யார் கேட்டாலும் அவனால் முடிவதை மட்டும் சொல்லச் சொல்வாயே, படிவத்திலும் அப்படியே நிரப்பினேன். தானே ரொட்டி வாட்டுவான், எல்லாப் பேருந்து எண்ணும் மனப்பாடம் என்று. அப்படியானால் துணை தேவையில்லை என்று பதில் வந்தது.

நீச்சல்குளத்தில் டிக்கெட் கொடுக்கும் கிளெனிஸ், "என்ன செல்லம், இன்னிக்கும் ரெண்டு டிக்கெட்டா? அட்டை இருந்தா கூட வர்றவங்களுக்கு இலவசமாச்சே!" என்றார்.

அண்ணன் முந்திக்கொண்டான். "இவ சின்னப் பொண்ணு. நான்தான் இவளைக் கூட்டிட்டு வர்றேன்!"

மறுபடி விண்ணப்பிக்கலாமாம். அப்பா பால் லாரியைக் கிளப்பிக்கொண்டே, "உன் கையெழுத்துதான் அழகா இருக்கும், நீயே எழுது" என்றார். எழுதினேன். அவனால் தனியாகச் சாலையைக் கடக்க முடியாது. வலிப்பு வந்தால் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்க முடியாது. வழி தவறினால் முகவரி சொல்ல முடியாது. இரண்டு பக்கம் வந்துவிட்டது.

கடைசியில் அவன் கையெழுத்து வேண்டும். "என்ன எழுதியிருக்கே? படி" என்றான். ஒவ்வொரு 'முடியாது' என்பதையும் 'முடியும்' என்று வாசித்தேன். "கரெக்டா எழுதியிருக்கே" என்று பெருமையாகக் கையெழுத்துப் போட்டான்.

இதைச் சொல்ல இங்கே எனக்கு யாரும் இல்லை. மதிய இடைவேளையில் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்துதான் இதையும் எழுதுகிறேன்.

அட்டையில் அண்ணன் பெயர் மட்டும்தான் இருக்குமாம். துணைக்கு வருபவர் பெயர் இருக்காது. யார் வேண்டுமானாலும் அவனோடு போகலாம், அம்மா. நீகூட.

உன் மகள்