மாப்பிள்ளை போடாத கையெழுத்து

ஈப்போ,
8.3.1984, வியாழன்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பத்துமலை அவர்களுக்கு, மாமியார் இருளாயி எழுதுவது.

இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்கத்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கு யாரும் நலமாக இல்லை. உங்கள் நலத்தை அறியும் ஆவலும் இன்றைக்கு எனக்கு இல்லை. இருந்தாலும் என் மகள் மங்களத்தைக் கட்டியவர் நீங்கள், மரியாதை குறையாமல் எழுதப் பார்க்கிறேன்.

காலை பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார். உறையைப் பிரித்தால், ஆஸ்பத்திரி சம்மதப் பாரம் அனுப்பியபடியே திரும்பி வந்திருக்கிறது. மங்களம் பென்சிலால் புள்ளி வைத்து அனுப்பிய இடத்தில் கையெழுத்து இல்லை. கூடவே என் பெயருக்கு ஒரு கடிதம். ஆண்டவன் கொடுத்த மார்பை அறுத்துச் சின்னதாக்க நீங்கள் சம்மதிக்க மாட்டீர்களாம். கப்பல் பட்டறையில் நாலு பேர் கேட்டால் உங்கள் மானம் என்ன ஆகுமாம். பெண்ணுக்கு நானே புத்தி சொல்லவேண்டுமாம். முடியாது என்று கட்டிய பெண்டாட்டிக்கு நேராக எழுத உங்களுக்குத் தைரியம் இல்லை. அதை என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

மாப்பிள்ளை, உங்கள் முன்பல் தங்கம். அதை ஆண்டவனா வைத்து அனுப்பினார்?

வலி அவளுக்கு, மானம் மட்டும் உங்களுக்கா? மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து மறுநாளே சிங்கப்பூர் பஸ் ஏறுகிறவருக்கு என்ன தெரியும்? சட்டைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க மிஷின் மேல் குனிந்து தைத்துவிட்டு வருகிறாள். வந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். விரலெல்லாம் மரத்துப்போகிறது என்கிறாள். மார்புக்கு அடியில் வேர்வை தங்கிப் புண்ணாகிறது, அது ஆறுவதற்குள் அடுத்த புண். முதலில் காட்டிய டாக்டர், இது நோயே இல்லை, உடம்பு மெலிந்தால் சரியாகும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது பார்க்கிற டாக்டர்தான் அவள் தோளைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் காண்டா தூக்கினாயா என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து சொன்னாள். நான் என் தோளைத் திறந்து காட்டினேன். இரண்டு பக்கமும் ரப்பர் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பை இருபத்தாறு வருடம் சுமந்த பள்ளம் எனக்கு. உள்ளாடைப் பட்டி அழுத்திய பள்ளம் அவளுக்கு, இருபத்தெட்டு வயதில். இரண்டும் ஒரே ஆழம். எனக்காவது சுமந்ததற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

விடுப்பு வாங்க அவள் பட்ட பாட்டையும் கேளுங்கள். தொழிற்சாலையில் விடுப்புக் கணக்கு எழுதும் கிராணி சன்னாசி நம் ஆள்தான். டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, அழகு ஆபரேஷனுக்கெல்லாம் மருத்துவ விடுப்பு கிடையாது என்று சொன்னான். அதோடு விட்டானா? பெட்டி ஏற்றும் ஆண்களிடம் போய் என்ன ஆபரேஷன் என்று கையால் காட்டியிருக்கிறான். மறுநாள் இவள் சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்ததும் சிரித்தார்களாம். அப்படியும் அவள் விடவில்லை. மேனேஜர் அறைக்கே போய் நின்று, சம்பளம் இல்லாமல் ஐந்து வாரம் மருத்துவ விடுப்பு என்று எழுதி வாங்கினாள். வருகிற திங்கட்கிழமை ஆரம்பம், அன்றுதான் ஆபரேஷன். இதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். செலவும் உங்களுடையது இல்லை. மூன்று வருடம் ஓவர்டைம் செய்து சேர்த்தாள், போதாததற்கு வளையலையும் விற்றாள். கல்யாணமானவளுக்குப் புருஷன் சம்மதம் இல்லாமல் கத்தி வைக்கமாட்டார்களாம். உங்களிடம் கேட்டது அந்த ஒரு கையெழுத்து.

உங்கள் அம்மா ராக்காயி சம்பந்தியம்மாவும் போன வாரம் வந்தார். நாளைக்கு ஆண் குழந்தை பிறந்தால் பாலுக்கு என்ன செய்வாள் என்று படியில் உட்கார்ந்து அழுதார். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பால் இல்லாமல் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். மங்களம் யோசித்துத்தான் சரி என்றாள். உங்கள் பாப்பாவுக்கே மூன்று மாதம்தான் கொடுத்தாள், வேலைக்குத் திரும்பியபின் டின் பால்தானே? மங்களத்தைப் பெற்ற முப்பதாம் நாள் நான் அவளைப் பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவப் போனேன். என் சட்டை நனையும், காயும், மறுபடி நனையும். பிள்ளை அங்கே பசித்துக் கிடக்கும். அடுத்த நிரையில் சம்பந்தியம்மாவும் அப்படித்தான் சீவினார். நீங்களும் அதே கொட்டகையில் டின் பால் குடித்தவர்தான், கப்பல் கட்டுகிற அளவுக்கு வளர்ந்துதானே இருக்கிறீர்கள்? பிள்ளைக்குப் பால் கொடுக்கவேண்டும் என்று அன்றைக்குத் துரை வீட்டுப் படியில் உட்கார்ந்து யாரும் அழவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவள் முதலில் சொன்னபோது நானும் உங்களைப் போலத்தான் கத்தினேன். பதின்மூன்று வயதில் அவளுக்கு இறுக்கிச் சட்டை தைத்துப் போட்டவள் நான். பையன்கள் பார்க்கிறார்கள், குனிந்து நட என்று தினமும் திட்டியவளும் நான். சொன்ன பேச்சைக் கேட்டாள், கூன் விழுந்துவிட்டது. உங்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேல் வரவேண்டியது.

ஆறு மணிக்கு வேலை விட்டு வருவாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பாரம் வந்ததா என்றுதான் கேட்பாள். நான் என்ன சொல்ல?

25.3.1984, ஞாயிறு.

மேலே எழுதியதை அன்றே தபாலில் போட்டிருந்தால் நீங்கள் எப்படியாவது ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நிறுத்தியிருப்பீர்கள். அதனால் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். இப்போது நிறுத்த ஒன்றும் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தையலும் பிரித்தாகிவிட்டது.

பாரத்தில் உங்கள் கையெழுத்தைப் போட்டது நான்தான். உங்கள் கடிதத்தின் அடியில் இருந்ததைப் பார்த்து, நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் அன்று மத்தியானம் முழுக்க எழுதிப் பழகினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி, கடைசியில் நீங்கள் இழுத்துவிடும் வாலையும் சேர்த்துப் போட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி பாரத்தைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள். போலீஸில் சொல்வதானால் சொல்லுங்கள், வீட்டு முகவரி உங்களுக்குத் தெரியும்.

மங்களத்துக்குத் தெரியாது. அன்று ஆறு மணிக்கு வந்தவளிடம் பாரத்தைக் கொடுத்தேன். அவரே போட்டாரா என்று மூன்று தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சன்னாசி சிரித்தால் சிரிக்கட்டும், என் புருஷனுக்குப் புரிந்துவிட்டது, இனி எவனுக்கு நான் பதில் சொல்லவேண்டும் என்றாள். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரியிடமும் உங்களைப் பற்றித்தான் பெருமை பேசினாள். அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே அவ்வளவையும் கேட்டேன்.

நேற்று பாப்பாவின் துணியைக் காயப்போட வந்தாள். வலி இருக்கிறது, கையை முழுக்கத் தூக்க முடியாது, கொடியில் நான்தான் போட்டேன். ஆனால் பக்கத்தில் நேராக நின்றாள். என்னைவிட நாலு விரல் உயரம். பெற்று இருபத்தெட்டு வருடம் கழித்துத்தான் என் மகள் என்ன உயரம் என்று எனக்குத் தெரிகிறது. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

விடுப்பு முடிவதற்குள் சித்திரை முதல் நாள் வருகிறது. நீங்கள் வருவீர்கள் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். திட்டி எழுதிய எதையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. மாரியம்மா உங்களுக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் கொடுக்கட்டும், புத்தியை முதலில் கொடுக்கட்டும். உங்களைவிட மூத்தவள், உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்காதவள், கேட்கிறேன். அந்தக் கையெழுத்தை நீங்களே போட்டவராக வாருங்கள். உங்களுக்காக வாசலில் நிற்பாள். முதலில் அவள் முகத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டியைப் பெற்றவள்,
இருளாயி.