வாசலை அளக்காத டிராக்டர்

ஸ்டெல்லா அப்பாவுக்கு,

சோறும் மத்திக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நான் நெரவி வயலுக்குப் போகிறேன். பத்து மணிக்கு டிராக்டர் வருமென்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

பின்சக்கரங்களை வெளியே தள்ளி மாட்டினால் வண்டி சாயாது என்றீர்கள், சரி. “பிரெஞ்சுப் பட்டாளத்துல லாரியையே பிரிச்சு மாட்டுனவன்டி” என்றீர்கள், அதுவும் சரி. கொட்டகைக்குள்ளேயே வைத்து மாட்டியதால் இப்போது வண்டி வாசலைத் தாண்டாது. சுவரை இடிக்க வேண்டாம்.

சக்கரங்களை மறுபடி உள்ளே தள்ளி மாட்ட என் தம்பி மரியமுத்து எட்டு மணிக்கு ஜாக்கியோடு வருவான். “வாசலை அளந்துக்குங்க மச்சான்” என்றதற்குத்தான் நேற்று அவனை விரட்டினீர்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், “வா மாப்ளே” என்றால் போதும்.

சலோமி

சக்கரத்தை அவன் தூக்கட்டும், உங்கள் இடுப்பு தாங்காது.

வாசல் அகலத்தைச் சாக்குக்கட்டியால் கதவில் எழுதிவிட்டேன். பட்டாளத்தில் கொட்டகைக்கு வாசலே கிடையாது போலிருக்கிறது.