ரெண்டு பிள்ளைக்கும் ஒரே தண்டனை

சாலை,
திருவனந்தபுரம்.

அன்பு மகள் சுஜாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. முத்தாரம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பி தங்கையும் இன்றைக்கு நன்றாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய், இல்லையென்றால் பக்கத்தில் மீனுவோ பிரஜினோ வந்து நின்றுகொள்வார்கள். நம் தெரு ரெம்யா லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். முழுக்க வாசித்துவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடு. கோபமாகக் கூப்பிட்டாலும் சரி.

ஓணத்துக்கு உன் தம்பி தங்கைக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள் என்று பெரியப்பா உன்னிடம் சொன்னார் அல்லவா, அது பொய். இரண்டு பேரும் குடித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஓணக் கொண்டாட்டம் வைத்த அன்று பூக்களம் போட நம் கடையிலிருந்துதான் செவ்வந்தியும் வாடாமல்லியும் கட்டிக் கொடுத்தேன். மீனு செட்டுமுண்டு உடுத்து, பிரஜின் கசவு வேட்டி கட்டி, இரட்டைகள் இரண்டும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி அழகாகப் போனார்கள். ஓணச் சமயத்தில் சாலைச் சந்தையில் பூக்கடைக்காரிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, உனக்குத் தெரியும். தராசில் பூ கிடக்கும்போது போன் வந்தது. பிரஜின் ஆடிட்டோரியத்தில் வாந்தியெடுத்துக் கிடக்கிறான், மீனுவைக் கழிப்பறையிலிருந்து பேச்சுமூச்சில்லாமல் தூக்கியிருக்கிறோம் என்றார்கள். நான் ஆட்டோவில் ஓடினேன், அப்பா கடையை அடைக்காமலே பின்னால் வந்தார். ஆஸ்பத்திரியில் மீனு உதடு வெளுத்து, கைகால் குளிர்ந்து, ஊசி குத்தியும் முகம் சுளிக்காமல் கிடந்தாள். டாக்டரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பிள்ளை பிழைக்குமா என்று. சாயங்காலம் கண் திறந்து அம்மா என்று கூப்பிட்டாள். அதற்கப்புறம் எனக்கு யாரிடமும் பயமில்லை சுஜா. இதற்குமேல் எழுதப்போவதையெல்லாம் அந்த மனசோடுதான் செய்தேன். எதற்கும் வருத்தப்படவில்லை.

மறுநாளே பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். பிரின்சிபால் மேடம் தன்மையாகத்தான் பேசினார். பிரஜினுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன், மீனுவுக்கு டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஏன் மேடம் இவளுக்கு மட்டும் என்று கேட்டேன். 'பெண்குட்டியல்லே, மற்ற குட்டிகளுடெ காரியம் கூடி நோக்கண்டே' என்றார். பெண்பிள்ளையாயிற்றே, மற்ற பிள்ளைகளையும் பார்க்க வேண்டாமா என்கிறார். அப்பா டி.சி.க்குக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார், அவமானத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை. நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார். வெளியே சொல்ல ஒரு கதையைத் தயார்பண்ணி வைத்திருந்தார், ஓணச் சத்யை விருந்தில் பாயசம் கெட்டுப்போயிற்று என்று. பையன் விஷயத்தில் கவலை வேண்டாம், அந்த வயதில் எல்லோரும் செய்வதுதான் என்றார். மீனுவை வள்ளியூரில் பெரியம்மையின் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடு, பிளஸ்டூ முடிந்ததும் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றார். அதோடு நிற்காமல், 'தாய்க்காரி கடையே கெதின்னு கெடந்தா பொட்டப்பிள்ள இப்பிடித்தான் போவும்' என்றார். நான் சொன்னேன், 'அத்தான், கடைக்கு நான் மட்டுமா போறேன், உங்க தம்பியும்தான் போறாவ. அவியள யாரும் ஒண்ணும் கேக்கலியே.' அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. வாய் இவ்வளவு லேசாகத் திறக்கும் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியிலேயே பிள்ளைகளை ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். சபீனா என்று பெயர், குழித்துறைப் பக்கம், நல்ல தமிழ் பேசுகிறாள், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினாள். அப்புறம் பிள்ளைகள் சம்மதத்தோடு எங்களையும் கூப்பிட்டுப் பேசினாள். முதல் தடவை எப்போது, யார் கொடுத்தார்கள் என்று கேட்டாளாம். வள்ளியூரில் பெரியப்பா மகன் விஜய்குமார் கல்யாணத்தில் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. பெரியப்பா எல்லோருக்கும் முன்னால் பிரஜின் கையில் பீர் கிளாஸைக் கொடுத்து, 'குடிலே, நீ இன்னும் பச்சப்பிள்ளையா' என்றாரே, நீகூட வீடியோவில் பார்த்துச் சிரித்தாய். அந்தக் கிளாஸில் மிச்சம் இருந்ததைப் பந்திக்குப் பின்னால் நின்று மீனு குடித்திருக்கிறாள். அவளை யாரும் பார்க்கவில்லை, பார்க்காததால் யாரும் சிரிக்கவும் இல்லை.

அப்புறம் ஆளுக்கு ஒரு வழி. பிரஜினை இந்த வருஷம் ஃபுட்பால் டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள், அது உனக்குத் தெரியும், அவன் அதற்கு எவ்வளவு உடைந்துபோனான் என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவனைவிடப் பெரிய பையன்கள் சிலர் சங்குமுகம் கடற்கரைக்கு பைக்கில் கூட்டிப்போயிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் குடிக்காதவனுக்கு இடமில்லை, குடித்தவனுக்குக் கைதட்டு. இங்கே இருபத்துமூன்று வயதாகாமல் கடையில் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வரிசையில் நிற்கிற யாரையாவது பிடித்து வாங்கிவிடுகிறார்களாம். மீனு கதை வேறு. என்ட்ரன்ஸ் கோச்சிங்கில் வாராவாரம் ராங்க் போட்டு ஒட்டுகிறார்கள். அவள் கீழே போகப் போக நெஞ்சு படபடவென்று அடித்துத் தூக்கம் போயிருக்கிறது. கூடப் படிக்கிற ஒருத்தியின் பெற்றோர் வளைகுடாவில், ஃபிளாட்டில் பேருக்கு ஒரு சித்தி. அங்கே உட்கார்ந்து குடிக்கப் பழகி, பிறகு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கே கொண்டுவந்து படுக்கும்முன் குடித்திருக்கிறாள். பையன் கூட்டத்துக்காகக் குடித்தான், பெண் தூக்கத்துக்காகக் குடித்தாள். பள்ளிக்கூடக் கொண்டாட்டத்தன்று பிரஜின் கொண்டுபோன குப்பியில் இரண்டு பேரும் குடித்தார்கள். டாக்டர் சொன்னாள், 'ஒரு ஆளு தலையில பழியக் கெட்டி வச்சா எல்லாருக்கும் எளுப்பம்தான் அக்கா. ஆனா இது ஒத்தக் காரணத்துல வாறது இல்ல. சின்னதுலயே எடுத்துக் குடுக்க ஒரு ஆளு, கூட்டு, மனசுல ஒரு வேதனை, கேக்க ஆளில்லாத்த ஒரு வீடு, கையெட்டுற தூரத்துல சாராயம், எல்லாம் சேந்து வரணும்.' கேட்கக் கேட்க எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு பேர் சேர்ந்து செய்ததற்கு ஒரு பெண்பிள்ளை மட்டும் பள்ளிக்கூடத்தைவிட்டுப் போக வேண்டுமாம்.

அந்த வாரமே இரண்டு பேரையும் யூனிஃபார்ம் போட்டுக் கூட்டிக்கொண்டு பிரின்சிபால் முன்னால் போய் நின்றேன். என் மலையாளம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், பூ விற்க மட்டும் காணும். அதிலேயே பாதியும் தமிழில் பாதியுமாகச் சொன்னேன். 'மேடம், ஒரே வயித்துல பொறந்து ஒரே குப்பியில குடிச்ச பிள்ளைய. ஆண்குட்டி குடிச்சா குறும்பு, பெண்குட்டி குடிச்சா குற்றமா? சஸ்பென்ஷன் ரெண்டு பேருக்கும் குடுங்க, நான் தலை குனிஞ்சு வாங்கிக்கிடுதேன். டி.சி.ன்னா ரெண்டு பேருக்கும் குடுங்க, காரணத்தையும் அதுல எழுதுங்க, நான் அத பி.டி.ஏ. மீட்டிங்ல நின்னு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவேன்.' மேடம் மற்ற பெற்றோர் கேட்பார்கள் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது பிரஜின் முன்னால் வந்து, 'மேடம், குப்பி கொண்டு வந்நது ஞானா. அவள் போகணுமெங்கில் ஞானும் போகும்' என்றான். குப்பி கொண்டுவந்தது நான்தான், அவள் போனால் நானும் போவேன் என்கிறான். அதுவரை அப்பா கதவருகில் நின்றுகொண்டிருந்தார். அவன் பேசியதைக் கேட்டு உள்ளே வந்து மீனுவின் தோளில் கை வைத்து நின்றார். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரு வாரம் சஸ்பென்ஷன் என்று முடிவாயிற்று. திரும்பிப் போன முதல் நாள் மீனு பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள். நாளைக்குப் போவாயா என்று கேட்டேன். போவேன் என்றாள். போனாள்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நாகர்கோவில் மாப்பிள்ளையின் அம்மா போன் பண்ணினார். கேள்விப்பட்டது உண்மைதானா என்று கேட்டார். பாயசக் கதையைச் சொல் என்று பெரியப்பா எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், அவர் கொண்டுவந்த சம்பந்தம் அல்லவா. நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பிள்ளைகள் குடித்தார்கள், இப்போது வைத்தியம் பார்க்கிறோம், பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றேன். அந்த அம்மா, எங்களுக்கு வேறு இடத்திலும் ஜாதகம் வந்திருக்கிறது என்றார். சம்பந்தம் முறிந்தது. நீயும் அந்தப் பையனும் போனில் பேசிப் பழகியிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும், உனக்கு வலிக்கும் என்றும் தெரியும். ஆனாலும் மீனுவை ஒளித்துவைத்து உன்னைக் கட்டிக்கொடுக்க எனக்கு மனசில்லை. அவனுக்கு உன்மேல் பிரியம் இருந்தால் அவனே கூப்பிட்டுப் பேசட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இந்தச் செய்தி தெரிந்து பெரியப்பா தீபாவளியன்று வந்து சத்தம் போட்டார். குடும்ப மானத்தை நான் சந்தையில் விற்றுவிட்டேனாம். எப்போதும்போல ஒரு குப்பியும் பையில் கொண்டுவந்திருந்தார். அண்ணன் முன்னால் உட்காரக்கூட மாட்டாரே உன் அப்பா, அவர் நேரே போய் அந்தப் பையை எடுத்து அண்ணன் கையிலேயே கொடுத்து, 'அண்ணே, மீனு எங்கயும் போவமாட்டா. பிள்ளையளுக்கு மொத கிளாஸ் நம்ம கையிலருந்துதான் போச்சு. இனி நம்ம விசேசத்துல குப்பி வந்தா நான் வரமாட்டேன், இந்த வீட்டுக்குள்ள அது வந்தா நீங்களும் வரவேண்டாம்' என்றார். பெரியப்பா அதோடு போனவர்தான். உறவுக்காரர்கள் எல்லாம் எங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்கிறார்கள். சொல்லட்டும், எனக்கு இந்தத் திமிர் பிடித்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். பிரஜின் நடுவில் ஒரு தடவை குடித்துவிட்டான். ஆனால் வாசலிலேயே நின்று, குடிச்சிட்டேம்மா என்று அவனே சொன்னான். உள்ளே வந்து படு, காலையில் பேசலாம் என்றேன். மறுநாள் டாக்டரிடம் அவனே போனான். மீனு கோச்சிங்கை விட்டுவிட்டாள், இப்போதைக்கு வேண்டாம் என்று நாங்கள்தான் சொன்னோம். ராங்க் இல்லாமலும் மனுஷி வாழலாம். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள்.

இன்னும் ஒன்று, இதற்காகத்தான் இந்தக் கடிதமே. தூக்கத்துக்குக் குடிக்கலாம் என்று உனக்கு யார் சொன்னது என்று டாக்டர் மீனுவிடம் கேட்டபோது, அக்கா சொன்னாள் என்றிருக்கிறாள். நைட் டியூட்டி முடிந்துவந்து ஒரு கிளாஸ் வைன் குடித்தால்தான் உனக்குக் கண் மூடுகிறது என்று போனில் அவளிடம் சொன்னாயாமே. முதலில் ஒன்று, இப்போது சில நாள் அதற்கும் மேலே என்றும் சொன்னாயாம். அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னாள், உனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயத்தில். பழி சொல்ல இதை எழுதவில்லை. அந்நிய ஊரில் தனி அறையில் பகல் வெளிச்சத்தில் தூக்கம் வராமல் கிடப்பது எப்படியிருக்கும் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் கேட்காமல் விட மாட்டேன். இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்காமல் விட்டது போதும். அங்கே ஒரு டாக்டரைப் பார். பார்க்க வெட்கமாக இருந்தால் லீவு போட்டுவிட்டு இங்கே வா, சபீனாவிடம் நானே கூட்டிப்போகிறேன். வேலை போனால் போகட்டும், கல்யாணம் தள்ளினால் தள்ளட்டும். மீனுவுக்காகப் பிரின்சிபாலிடம் நின்றவள் உனக்காக எந்த ஊரிலும் வந்து நிற்பாள்.

முத்தாரம்மன் உன் தலைமாட்டில் காவல் இருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் தம்பி தங்கையின் அன்பும். பத்தியம்போலக் கஞ்சி மட்டும் குடித்துக் கிடக்காமல் வேளைக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு, கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் எடுப்பேன்.

உன்னைப் பெற்றதில் பெருமையுள்ள
அம்மா,
இ. சூடாமணி