பனி ரோட்டில் டோரதி

டிசம்பர் 11, 2024

எங்கள் மகள் டீனாவின் பிரசவத்துக்காக டோரதி கனடா போயிருக்கிறாள். என்னையும் கூப்பிட்டார்கள், அவளுக்கு டிக்கெட் போட்ட பிறகு. அதனால் போகவில்லை.

சோறு குழைந்துவிட்டது. குழைந்தாலும் சோறுதான்.

டிசம்பர் 19

பேரன் பிறந்தான். ஆபரேஷன். பிள்ளை எடை குறைவு, அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டுமாம். மாப்பிள்ளை கில்பர்ட் லாரியோடு போனால் வீடு திரும்ப நாலைந்து நாள். டீனா இப்போது ஓட்டக் கூடாது. அதனால் பனியில் கார் ஓட்டப்போவது டோரதி!

நம் ஊர் லைசன்ஸே அங்கே கொஞ்ச காலம் செல்லுமாம். அவளிடம் லைசன்ஸ் முப்பது வருடமாக இருக்கிறது. என் காரை நான் கொடுத்ததில்லை. எங்கள் சிவாஜிநகர் நெரிசலில் கொடுக்க முடியுமா? நான் எவனிடமும் பாடம் கேட்காமல் ஓட்டக் கற்றவன். வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

டிசம்பர் 23

கில்பர்ட் அவளைக் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய், வண்டியை வேண்டுமென்றே வழுக்கவிட்டுப் பழக்குகிறானாம்.

போனில் சொன்னேன்: "வழுக்கினா பிரேக்கை நல்லா அழுத்து."

"அழுத்தக் கூடாதாம்ங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, எங்க போகணுமோ அங்க பார்த்து ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பணுமாம்."

"யாரு சொன்னது?"

"கில்பர்ட்."

"அவன் நேத்து வண்டி பிடிச்சவன்."

டிசம்பர் 27

காலையில் கார்க் கண்ணாடி முழுக்க ஐஸ், சுரண்டிச் சுரண்டிக் கை விட்டுப்போகிறது என்றாள். வெந்நீர் ஊற்றச் சொன்னேன். ஊற்றினாள். குறுக்கே விரிசல் விட்டுவிட்டது.

மட்டமான கண்ணாடி.

டீனா போனைப் பிடுங்கி, "டாடி, ப்ளீஸ், இனிமே ஐடியா குடுக்காதீங்க" என்றாள். நல்லது. இனி கேட்டாலும் சொல்வதாக இல்லை.

ஜனவரி 5, 2025

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது எதிர்வீட்டு கோவிந்தன் வழிமறித்தான்.

"என்ன சார், டோரதிம்மா ஐஸ் மேலயே ஓட்றாங்களாமே! நீங்க மழை வந்தா ஆட்டோ பிடிப்பீங்க."

மழையில் ஆட்டோ பிடிப்பது அறிவுள்ளவன் செய்கிற காரியம்.

ஜனவரி 14

கில்பர்ட் வாய்தவறிச் சொன்னான். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, உறைந்த ரோட்டில் வண்டி வழுக்கி எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. பின்சீட்டில் பிள்ளை. எதிரே லாரி. டோரதி பிரேக்கைத் தொடவே இல்லையாம். மெல்லத் திருப்பி, ஓரத்துப் பனிக்குவியலில் செருகி நிறுத்திவிட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை.

ஒரு வாரம்! எனக்கு ஏன் சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்?

உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"சொன்னா கத்துவீங்க."

"கத்த மாட்டேன்."

"இப்பவே கத்துறீங்க."

பிறகு அவளே சொன்னாள்: "பிள்ளை முழிக்கக்கூட இல்லீங்க. வண்டி நின்னப்புறம் இறங்கிப் போய் மூச்சு வருதான்னு பார்த்தேன்."

ஜனவரி 15

நான் சொன்னது நம் ஊர் ரோட்டுக்கு. அதில் தப்பில்லை.

ஆனால் அவள் அழுத்தியிருந்தால் —

வேண்டாம்.

பிப்ரவரி 2

பிள்ளை எடை ஏறிவிட்டது. டீனாவே ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

பிப்ரவரி 20

டோரதி வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். ஏர்போர்ட்டிலிருந்து நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் முன்வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் நெருக்கிப் போகும்போதெல்லாம் சீட்டின் விளிம்பைப் பிடித்தாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மார்ச் 1

ஆனேக்கலில் என் தங்கை ஐரினின் புது வீட்டை ஃபாதர் மந்திரிக்கும் ஜெபம். பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். குடித்துவிட்டு வந்து இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

டோரதி வெளியிலேயே நின்றாள். "என்னங்க, தலை சுத்துதா?"

"இல்ல."

"பின்ன?"

"ஃபாதர் வந்திருப்பாரு. நேரமாகுது, ஓட்டு."

ஆனேக்கல் வரை அவள்தான் ஓட்டினாள். முன்னால் இடம் அதிகம் விடுகிறாள். ஆட்டோக்காரர்கள் எல்லாரும் உள்ளே புகுந்துவிட்டார்கள். இடம் விடாதே என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.