மூன்றாவது டெஸ்க்கில் பின்னால் வந்தவன்

போன வியாழக்கிழமை தபால்காரர் ஒரு தட்டையான அட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். நெதர்லாந்திலிருந்து வந்திருந்தது. பிரித்தால் உள்ளே பெரிய அளவில் ஒரு புத்தகம், கெட்டிக் காகிதம், மை வாசனை இன்னும் போகவில்லை. வடபழனி ஸ்டுடியோவில் நாம் வாசித்தோமே, அந்த டச்சு அம்மாவின் படைப்பு, அதன் நொட்டேஷனை அச்சடித்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். இன்றைய இசையமைப்பாளர்களுக்கு அவர்கள் நாடு கொடுக்கிற தேசியப் பரிசைப் பெற்றது என்று அட்டையில் ஒரு வரி. உள்ளே முதல் பக்கத்தில் நன்றி. சென்னையில் மூன்றாவது டெஸ்க்கில் உட்கார்ந்து, சற்றே பின்னால் வந்து வாசித்த வயலின்காரருக்கு நன்றி என்று போட்டு, கீழே என் பெயர்.

அது உன் பெயர் இருக்க வேண்டிய இடம். இந்த விஷயம் உனக்கும் எனக்கும் உன் மனைவி காஞ்சனாவுக்கும் மட்டும்தான் தெரியும். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது.

இருபத்திரண்டு வருஷம் ஒரே ஸ்டாண்டைப் பங்கு போட்டுக்கொண்டோம். இரண்டு பேருக்கு ஒரு டெஸ்க், ஒரு நொட்டேஷன், ஒரு மைக். உள்பக்கம் உட்காருபவன் பக்கம் திருப்ப வேண்டும், வெளிப்பக்கம் இருப்பவன் அந்த நேரத்தில் விடாமல் வாசிக்க வேண்டும். நீ எப்போதும் உள்பக்கம், என் இடது கைப் பக்கம். முதல் நாளே சொல்லிவிட்டாய்: "நான் திருப்பிக்கினு இருக்கேன் மச்சி, நீ ஓட்டு." உன் அப்பா பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசித்தவர். வெயிலில் நடந்துகொண்டே வாசித்தவர் பிள்ளைக்கு ஏ.சி.யில் உட்கார்ந்து வாசிப்பது பெரிய காரியமாகவே தெரியவில்லை. எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் பயம்.

உன் கண் கெட ஆரம்பித்தது எனக்கு உடனே தெரியவில்லை. பக்கத்தைத் தாமதமாகத் திருப்பினாய். நான் சிடுசிடுத்தேன். பிரேக்கில் கேட்டேன், "தூங்கறியா?" என்று. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய், "கண்ணுல பிரஷர்னு சொல்லிட்டாரு டாக்டர். போனது திரும்ப வராதாம். இருக்கறத காப்பாத்திக்கணுமாம்." எதிரில் வருகிற ஆள் தெரிவார், பஸ் நம்பர் தெரியாது, நொட்டேஷன் சுத்தமாகத் தெரியாது. "வெளிய சொல்லாத. வாசிக்கக் கூப்புட்ற நம்ம கோஆர்டினேட்டர் காதுக்குப் போச்சு, அத்தோட போன் நின்னுடும். வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க."

அதற்கப்புறம் நாம் செய்ததை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஸ்டுடியோவுக்குள் எல்லோரும் வெறுங்கால். பக்கம் முடிகிற இடத்தில் என் இடது காலால் உன் கட்டைவிரலை மிதிப்பேன், நீ திருப்புவாய். சினிமா பாட்டுக்கு அது போதும். எட்டு பார், பதினாறு பார் என்று சின்னச் சின்னத் துண்டுகள், தாளத்துக்கு ஹெட்போனில் கிளிக் ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஸ்வரமாக ஒருமுறை முணுமுணுத்தால் நீ இரண்டாவது டேக்குக்குள் பிடித்துவிடுவாய். பார்க்கத் தெரிந்த பலரைவிட நீ சுத்தமாக வாசித்தாய். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகுதான் டச்சு அம்மா வந்தார். ஏதோ உதவித்தொகையில் வந்து கொட்டிவாக்கத்தில் மூன்று மாதம் வீடு எடுத்துத் தங்கியிருந்தவர். இருபது பேருக்கு மேல் வயலின், வயோலா, செல்லோ எல்லாம் சேர்ந்து வாசிக்கப் பதினான்கு பக்கம். கிளிக் கிடையாது. எல்லோரும் ஒரே மூச்சில் நகர வேண்டும், ஒருவர்கூடப் பிசகக் கூடாது, அதுதான் அவர் கேட்டது. நல்ல வேளையாக நொட்டேஷனை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டார்கள். நீ பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது நான் ராஜா அண்ணாமலைபுரத்து மொட்டை மாடியில் நின்றுகொண்டு போனில் பாடிக் காட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார். பதினான்கு பக்கமும் உனக்கு மனப்பாடம். நீயே என்னைத் திருத்தினாய், "ஏழாவது பக்கத்துல அந்த நிஷாதத்த முழுசா நிறுத்து, பாதியில வுட்டுட்ற" என்று.

ரெக்கார்டிங் அன்று ஸ்டாண்டில் மூன்றாவது பக்கம் புதுசாக இருந்தது. முந்தின நாள்தான் மாற்றி எழுதினாராம். நான் உன் காதில் சொன்னேன். நீ வில்லில் ரோசின் பிசினைத் தடவிக்கொண்டே இருந்தாய், தேவைக்கு மேல் தடவினாய். உனக்குப் பாடிக் காட்ட நேரமில்லை. கோஆர்டினேட்டர் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

இரண்டு பக்கம் ஓடியது. மூன்றாவதில் நீ என்னைக் கேட்டுக் கேட்டு வாசித்தாய். நான் ஸ்வரத்தைத் தொட்ட பிறகுதான் உனக்கு அது என்னவென்று தெரியும், தெரிந்ததும் தொடுவாய். எல்லோருக்கும் ஒரு மயிரிழை பின்னால் ஒரே ஒரு வயலின். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் வந்தது. "நிறுத்துங்கள். மூன்றாவது டெஸ்க். ஒருவர் பின்னால் வருகிறீர்கள். யார்?"

அத்தனை தலையும் நம் பக்கம் திரும்பியது. கோஆர்டினேட்டர் கட்டிய கையை அவிழ்த்தார். நீ வில்லை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாய். நான் கையைத் தூக்கினேன்.

"நான்தான் மேடம். சாரி."

"சாரி வேண்டாம். அதே மாதிரி இன்னொரு முறை. உங்கள் டெஸ்க் மட்டும்."

மற்றவர்கள் வில்லை இறக்கினார்கள். நான் வாசித்தேன், நீ பின்னால் வந்தாய். வேறு எப்படியும் உன்னால் வர முடியாது. ஒரே மைக், அதற்கு யார் முன்னால் யார் பின்னால் என்றெல்லாம் தெரியாது. அந்த அம்மா எழுந்து நின்றார், பென்சிலோடு வெளியே ஓடி வந்தார், நம் ஸ்டாண்டிலேயே குனிந்து ஒரு வரியை இரண்டு வரியாக எழுதினார். பிறகு ஐந்து இடங்களில் அதையே கொண்டுவந்தார். இருபது பேரும் ஒன்றாக நிற்கும்போது, ஒருவன் மட்டும் வந்து சேருவது. "நீங்கள் பின்னால், இவர் முன்னால்" என்று என்னையும் உன்னையும் காட்டிச் சொன்னார். நாம் இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு, மாற்றியே வாசித்தோம்.

அன்று பஸ் டெப்போ எதிரில் டீ குடித்தபோது நீ சொன்னாய், "இன்னா நைனா, கைய தூக்கிட்ட? இனிமே டவுன் பூரா லேட்டு வயலின்னு உன்னத்தான் சொல்லுவானுங்க." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாய். நான் பார்க்காத மாதிரி பஸ்ஸைப் பார்த்தேன்.

பரிசுச் செய்தி அதற்கு அடுத்த வருஷம் வந்தது. போனில் சொன்னேன்.

"இன்னா பரிசு? நம்ம கலைமாமணி மாதிரியா?"

"அது மாநிலம்டா. இது தேசியம்."

"அப்ப பத்மஸ்ரீயா?"

நடுவர்கள் குறிப்பாகச் சொன்னது அந்த ஐந்து இடங்களைத்தான். டச்சு மொழியில் இருந்ததை என் மகள் போனில் போட்டு மொழிபெயர்த்தாள். ஒரு வயலின் நிற்கிறது, இன்னொன்று அதைத் தேடி வருகிறது, அந்தச் சிறு இடைவெளியில்தான் இந்தப் படைப்பு உயிரோடு இருக்கிறது என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். விழா மலரில் அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லியிருந்தார். நான் உண்மையை எழுதிவிடுகிறேன் என்றேன். நீ கத்தினாய். "என் பேரு வந்தா என் கண்ணும் வெளிய வந்துடும். வாய மூடிக்கினு இரு." மூடிக்கொண்டேன்.

இதுவரை என்மேல் தப்பில்லை. இனிமேல் சொல்வதில்தான் இருக்கிறது. என் மகள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் அதைப் பார்த்துப் பொங்கல் விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, நெதர்லாந்தின் தேசியப் பரிசை வென்ற நம் பிளாக் கலைஞர் என்றார். நான் வெல்லவில்லை என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கைகூப்பினேன். நீ மூன்றாவது வரிசையில் காஞ்சனாவோடு உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டினாய். கீழே இறங்கியதும் பொன்னாடையை உன்னிடம் நீட்டினேன். "இத போத்திக்கினு பெரும்பாக்கம் பஸ்ல போனா கண்டக்டரு சிரிப்பாரு" என்றாய். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து அதை மடித்து வைத்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ கடைசி வாரம்வரை கால்ஷீட்டுக்கு வந்தாய். செவ்வாய்க்கிழமை வாசித்தோம், வெள்ளிக்கிழமை நெஞ்சுவலி, ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை. யாருக்கும் உன் கண் விஷயம் தெரியாமலே முடிந்தது. அன்றைக்கே அந்த அம்மாவுக்கு எழுதியிருக்கலாம். உனக்கு இனிப் பறிபோக வேலை எதுவுமில்லை. ஒரு வருஷம் சும்மா இருந்தேன். நீ வேண்டாம் என்றதை மதிப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் பெயர் அங்கே இருப்பது பிடித்திருந்தது.

அச்சில் பார்த்த பிறகு முடியவில்லை. சனிக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். எட்டாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. காஞ்சனா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இதுல அவரு எங்கண்ணே?" என்றாள். மூன்றாவது பக்கத்தில் உன் வரியைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"அந்த அம்மாவுக்கு எழுதட்டுமா? கண் விஷயமும் சேர்த்து?"

"உசுரோட இருந்தப்ப வாணாம்னாரு. இப்ப யாரு வேலையப் புடுங்கப் போறாங்க? எழுதுங்க." புத்தகத்தை மூடிவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டாள்: "முன்னாடியே எழுதியிருக்கலாம்லண்ணே?"

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அன்று மாலையே ஈமெயிலில் எழுதினேன். உன் கண், புதுப் பக்கம், நான் தூக்கிய கை, எல்லாம். பொன்னாடையைக்கூட விடவில்லை. திங்கட்கிழமை பதில் வந்தது. அடுத்த அச்சில் உன் பெயர் வரும், கைவசம் இருக்கிற பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டச் சொல்லிவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. இரண்டு மாதத்தில் இதை இங்கே சென்னையில் மேடையில் வாசிக்க ஏற்பாடாகியிருக்கிறதாம். கடைசி வரி இது: பின்னால் வருகிற இடத்தை நீங்கள் வாசியுங்கள், அவர் எப்படி வந்தார் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமும் நீ பக்கத்தில் இருந்தாய், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாளாக நம் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, எனக்கு நானே பின்னால் வரப் பார்க்கிறேன். வரவில்லை. வேண்டுமென்று தாமதித்தால் தாமதித்தது மாதிரியே கேட்கிறது. கண்ணுக்கு எதிரில் அச்சடித்த ஸ்வரம் இருக்கிறதே, கை அதற்கு முன்னாலேயே ஓடிவிடுகிறது. இன்று காலை புத்தகத்தை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ரெக்கார்டிங்கில் நான் போட்ட ஸ்வரத்தை, யாரோ ஒருவர் போடுகிற மாதிரி, கடைசிவரை கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் வில் நகர்ந்தது. ஒரே ஒரு இடம் சரியாக விழுந்தது. நீ ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் என்னை இவ்வளவு கேட்டிருக்கிறாய்.

பக்கம் முடிந்தது. பழக்கத்தில் இடது காலை நகர்த்தி மிதித்தேன். தரை சில்லென்று இருந்தது.